வாசகர் கேள்வி: படம் பெரிது, மின்னஞ்சலில் இடம் சிறிது

மாமாங்கத் திருவிழாவில் எடுத்த முப்பது படங்களைக் கனடாவில் இருக்கும் அண்ணாவுக்கு ஜீமெயிலில் அனுப்பப் பார்க்கிறேன். நாலைந்து படம் சேர்த்ததுமே அது 'டிரைவ்' இணைப்பாக மாறிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, மட்டக்களப்பு

ஜீமெயிலில் ஒரு மடலுக்கு 25 மெகாபைட்தான் எல்லை. அதுவும் முழுதாகக் கைக்கு வராது. இணைக்கும் கோப்பு வெறும் எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணம் செய்கிறது. அப்போது மூன்று பைட் நான்காகிவிடும். ஆகவே 18 மெகாபைட்டுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். 12 மெகாபிக்சல் கைபேசிப் படம் 4000 × 3000 பிக்சல். சனக்கூட்டமும் மரங்களும் நிறைந்த படமென்றால் ஒன்றே 5 மெகாபைட்டைத் தொடும்.

அண்ணா அவற்றைத் திரையில்தானே பார்க்கப்போகிறார்? நீண்ட பக்கம் 1600 பிக்சல் தாராளம். 1600 × 1200 ஆக்கினால் 120 இலட்சம் பிக்சல் 19 இலட்சமாகிறது. ஜேபெக் (JPEG) படவகையில் தரம் 80–85 என்று வைத்துச் சேமித்தால் பெரும்பாலும் அரை மெகாபைட்டை ஒட்டி நிற்கும். முப்பதையும் இரண்டு மடலாகப் பிரித்து அனுப்புங்கள்.

முப்பது படத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற வேண்டாம். வின்டோஸ் கணினியில் வீட்டுப் பாவனைக்கு இலவசமான இர்பான்வியூ போதும். அதைத் திறந்து 'பி' விசையை அழுத்தினால் தொகுதியாக மாற்றும் பெட்டி வரும். படங்களைச் சேருங்கள். வெளியீட்டு வகை ஜேபெக். 'அட்வான்ஸ்ட்' பொத்தானுக்குள் 'ரீசைஸ்' பகுதியில் 'லோங் சைட்' என்பதைத் தெரிந்து 1600 இடுங்கள். அகலத்தை மட்டும் 1600 என்று கொடுத்தால் நிமிர்த்தி எடுத்த படங்கள் 1600 × 2133 ஆகிப் பெருத்துவிடும். 'ரீசாம்பிள்' பெட்டியில் அடையாளமிட மறக்க வேண்டாம். சேமிக்கும் இடமாக 'அனுப்ப' என்றொரு புதிய கோப்புறையைக் காட்டுங்கள். மூலப்படத்தின் மேலேயே சேமித்துவிட்டால் இழந்த பிக்சலை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இதை மட்டும் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

கைத்தறிச் சேலை, சாரன் படங்களைக் கொழும்பிலுள்ள கடைகளுக்கு அனுப்புகிறோம். அளவைக் குறைத்ததும் சிறு கட்டச் சாரன்களில் துணியில் இல்லாத அலைக்கோடுகள் தெரிகின்றன. துணியில் குறையென்று நினைக்கிறார்கள்.
– வாசகர், மருதமுனை

நெசவில் குறையில்லை. நூல்கள் ஒரே இடைவெளியில் ஓடுகின்றன, பிக்சல்களும் அப்படியே. படத்தைச் சுருக்கும்போது இரண்டு இடைவெளிகளும் ஏறக்குறைய நெருங்கிவந்து ஒன்றோடொன்று மோதுவதால் பிறப்பதே அந்த அலை.

முதலில் மூலப்படத்தை 100 வீதத்தில் பாருங்கள். சுருங்கிய பார்வையில் திரையே அலையை உண்டாக்கிக் காட்டும், அதை நம்ப வேண்டாம். 100 வீதத்திலும் அலை இருந்தால் அது கமெராவிலேயே பதிந்தது. அரை அடி முன்பின் நகர்ந்தோ கோணத்தைச் சற்றுத் திருப்பியோ மறுபடி எடுக்க வேண்டியதுதான். மூலம் சுத்தமாக இருந்தால் தவறு சுருக்கிய முறையில். இர்பான்வியூவில் வேகமான 'ரீசைஸ்' முறையை விட்டு 'ரீசாம்பிள்' முறையில் 'லாங்சோஸ்' வடிகட்டியைத் தெரியுங்கள். பிடிவாதமான கட்டங்களுக்குச் சுருக்குமுன் மிக இலேசாக மங்கலாக்கினால் அடங்கும். சுருக்கிய பின் கூர்மையாக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள், போன அலை திரும்பிவரும்.

நிறமும் கவனம். கறுப்பில் ஓடும் சிவப்பு நூல் ஜேபெக்கில் மங்கிக் கசியும், ஏனெனில் அது வெளிச்சத்தைவிட நிற விபரத்தைக் குறைத்தே பதிகிறது. தரத்தை 90க்கு ஏற்றி, சேமிக்கும் பெட்டியில் 'குரோமா சப்சாம்பிளிங்'கை நிறுத்துங்கள். கமெராவில் நிறவெளி 'அடோபி ஆர்ஜிபி' என்றிருந்தால் 'எஸ்ஆர்ஜிபி' ஆக்குங்கள். இல்லாவிட்டால் பல திரைகளில் சேலை வெளிறித் தெரியும்.

ஒவ்வொரு துணிக்கும் இரண்டு படம் அனுப்புவது நல்லது. முழுத்துணி 1600 பிக்சலில் ஒன்று. கரையையோ முந்தானையையோ சுருக்காமல் வெட்டியெடுத்த துண்டு மற்றது. தொட்டுப் பார்க்க முடியாத ஒருவருக்கு உங்கள் நெசவின் அருமையைக் காட்டுவது அந்தத் துண்டுதான்.

அப்பாவின் 31ஆம் நாள் நினைவு மலருக்கு வட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கொடுத்தோம். 300 டிபிஐ ஆக்கியும் அச்சில் மங்கலாகவே வந்தது.
– வாசகி, காரைதீவு

டிபிஐ என்பது அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று படத்தில் ஒட்டியிருக்கும் ஒரு குறிப்பு மட்டுமே. அந்த எண்ணை மாற்றுவதால் ஒரு பிக்சலும் கூடாது. ஏ4 முழுப்பக்கத்துக்கு 300இல் 2480 × 3508 பிக்சல் தேவை. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் நீண்ட பக்கம் 1600 அளவுக்குச் சுருங்கிவிடும். அதை ஏ4 உயரத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 137 பிக்சல்தான். படத்தை எடுத்தவரிடம் மூலத்தைக் கேளுங்கள். வட்ஸ்அப்பிலேயே 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பினால் சுருங்காமல் வரும். மூலம் கிடைக்கவில்லையென்றால் படத்தைக் கால்பக்க அளவில் போடுங்கள், முகம் தெளிவாக இருக்கும். அச்சுக்குப் போகும் படத்தை எப்போதும் சுருக்காமலே கொடுங்கள்.

அமெரிக்க கிரீன் கார்ட் லொத்தர் விண்ணப்பம் ஸ்டூடியோ தந்த படத்தை ஏற்கவில்லை.
– வாசகர், அக்கரைப்பற்று

600 × 600 பிக்சல் சதுரமாக, 240 கிலோபைட்டுக்கு மேற்படாமல், ஜேபெக்காக இருக்க வேண்டும். 35 × 45 மில்லிமீற்றர் படத்தை அப்படியே 600 × 600 என்று மாற்றினால் முகம் அகன்றுவிடும். முதலில் சதுரமாக வெட்டுங்கள். உச்சியிலிருந்து நாடி வரை படத்தின் உயரத்தில் 50 முதல் 69 வீதம் வரட்டும். பிறகு 600 ஆக்கித் தரம் 85இல் சேமித்தால் எல்லைக்குள் நிற்கும்.

சிப் ஆக்கினால் குறையாதா? வேர்ட்டில் ஒட்டி அனுப்பலாமா?
– வாசகர், ஏறாவூர்

ஜேபெக் ஏற்கெனவே இறுக்கப்பட்டது. சிப் பல படங்களை ஒரே கட்டாக்கும், பருமனைக் குறைக்காது. வேர்ட் வேண்டவே வேண்டாம்: பெறுபவர் ஒவ்வொரு படத்தையும் அதிலிருந்து பிரித்தெடுக்க வேண்டிவரும்.