மைக்ரோவேவ் உறுமுகிறது, பால் சூடாகவில்லை: பழுது எங்கே?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். எங்கள் வீட்டு மைக்ரோவேவ் 20 லிட்டர், 700 வாட், கிரில் இல்லாத சாதாரண மாடல். வாங்கி 6 வருடம் ஆகிறது. ஒரு வாரமாக ஸ்டார்ட் அழுத்தியதும் 'உர்ர்ர்' என்று பெரிய சத்தம் வருகிறது. லைட் எரிகிறது, தட்டு சுற்றுகிறது, நேரமும் குறைகிறது. பால் மட்டும் வைத்தபடியே ஜில்லென்று இருக்கிறது. வந்து பார்த்த மெக்கானிக், "மேக்னட்ரான் போயிடுச்சு, அதை மாத்துற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்கிறார். மூடியைக் கழற்றி நாங்களே பார்க்கலாமா?

பதில்: மூடியைக் கழற்றாதீர்கள். மிக்ஸி, கிரைண்டர் போல பிளக்கைப் பிடுங்கிவிட்டால் பயமில்லை என்று இதில் இருந்துவிட முடியாது. உள்ளே கரண்டைச் சேர்த்து வைக்கும் கண்டன்சர் 2,000 வோல்ட்டுக்கு மேல் தாங்குவது. பிளக்கை எடுத்த பிறகும் அதில் கரண்ட் தேங்கி நிற்கலாம். அதை இறக்குவதற்கென்று ஒரு ரெசிஸ்டர் உண்டு. அதுவே அறுந்து போயிருந்தால் தொட்டவர் உயிர் போகும்.

அதே சமயம், சூட்டுக்கான மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான்தான் போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்டவும் வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்களுக்கு அதைவிட மலிவான காரணம் ஒன்று இருக்கிறது: கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு என்ற சின்னப் பாகம் ஷார்ட் ஆவது.

முதலில் கரண்டைப் பாருங்கள். கோடையில் மாலை நேரம் லோ வோல்டேஜ் வரும் தெருவா? 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180க்குக் கீழே இறங்கினால் லைட்டும் தட்டும் ஓடும், சூடு மட்டும் வராது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியிருந்தால் எடுத்துவிட்டு, சுவரில் உள்ள 15 ஆம்ப் பிளக்கில் நேராக மாட்டுங்கள். கரண்ட் போன நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டரில் போட்டுப் பார்த்தீர்களா என்பதும் முக்கியம். சதுர அலையாகக் கரண்ட் தரும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இதே உறுமல் வரும், சூடு வராது. ஈபி கரண்ட்டில் அலையின் உச்சி சுமார் 325 வோல்ட். ஸ்கொயர் வேவில் அந்த உச்சி கிடைக்காது. மேக்னட்ரானுக்குப் போகும் வோல்டேஜ் அந்த உச்சியை வைத்துத்தான் உருவாகிறது. தவிர, 700 வாட் மைக்ரோவேவ் அவன் இழுப்பது 1,100 வாட்டுக்குப் பக்கம். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவும் அதைத் தாங்காது.

கரண்ட் சரியாக இருந்தால், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். தீய்ந்த வாசனையோ பொறியோ இருந்தால் இதைச் செய்ய வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே வைத்து, பவரை 30 சதவீதத்துக்குக் குறைத்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். குறைந்த பவரில் அவன் மேக்னட்ரானைச் சில நொடி ஓட்டும், சில நொடி நிறுத்தும். ஃபேனும் தட்டும் நிற்காமல் ஓடும். உறுமல் விட்டு விட்டு வந்தால் பழுது ஹை வோல்டேஜ் பக்கம். நிற்காமல் ஒரே சீராக வந்தால் ஃபேன் அல்லது தட்டு மோட்டார். தட்டுக்கு அடியில் உள்ள வளையத்தின் சக்கரங்களில் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தால்கூட கடகடவென்று சத்தம் வரும்; கழுவிப் போட்டால் தீர்ந்தது. உங்களுக்குச் சூடே வரவில்லை என்பதால் விட்டு விட்டுத்தான் வரும் என்று நினைக்கிறேன். அப்படியானால் பிளக்கை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் ஓட்டினால் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து கருகும்.

ஏன் உறுமுகிறது? டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டைச் சுமார் 2,000 ஆக்குகிறது. கண்டன்சரும் டயோடும் சேர்ந்து அதை இரட்டிப்பாக்கி, கிட்டத்தட்ட 4,000 வோல்ட்டை மேக்னட்ரானுக்குக் கொடுக்கின்றன. டயோடு ஷார்ட் ஆகிவிட்டால் இரட்டிப்பு நடக்காது. டிரான்ஸ்பார்மர் தன் முழு பலத்தையும் கண்டன்சர் மேலேயே காட்டும். சூடு வராமல் உறுமல் மட்டும் மிஞ்சுவது அதனால்தான். கண்டன்சர் ஷார்ட் ஆனாலும், மேக்னட்ரான் உள்ளே ஷார்ட் ஆனாலும் இதே சத்தம் வரும். மேக்னட்ரானின் இழை அறுந்திருந்தால் மட்டும் இப்படிப் பெரிய உறுமல் இருக்காது. கதவு ஸ்விட்ச் போனாலும் சில மாடல்களில் அவன் உறுமாமல் ஓடும், சூடு வராது.

ஆக, மெக்கானிக்கிடம் டயோடை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது, கறுப்பாக இருக்கும், ஒரு முனையில் ஸ்க்ரூ வளையம். உள்ளே இருப்பதில் மலிவான பாகங்களில் அதுவும் ஒன்று. கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால், ஷார்ட் ஆனது இரண்டு பக்கமும் பூஜ்ஜியம் காட்டும். இங்கே ஒரு தவறு நடக்கும்: நல்ல டயோடும் சாதாரண மீட்டரில் இரண்டு பக்கமும் ஓப்பன் என்றே காட்டும், அதைப் பார்த்துக் கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். 9 வோல்ட் பேட்டரியைத் தொடரில் சேர்த்து அளந்தால்தான் ஒரு பக்கம் மட்டும் கரண்டைக் கடத்துவது தெரியும். புதியதைப் போடும்போது வளைய முனை அவன் பாடியில் இறுக்கமாக ஸ்க்ரூ ஆக வேண்டும். திருப்பிப் போட்டால் சூடு வராது.

அடுத்தது கண்டன்சர். அதன் மேல் அச்சடித்திருக்கும் மைக்ரோஃபாரட், வோல்ட் அளவிலேயே புதியதும் இருக்க வேண்டும். கடைசியாக மேக்னட்ரான்: அதன் இரண்டு முனைகளுக்கு இடையே 1 ஓமுக்கும் குறைவாக வர வேண்டும், எந்த முனைக்கும் பாடிக்கும் இடையே எதுவும் வரக்கூடாது. வந்தால் அது ஷார்ட். அதிலுள்ள காந்த வளையம் விரிசல் விட்டிருக்கிறதா என்று கண்ணாலும் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் விட்ட மேக்னட்ரான் மீட்டரில் நன்றாகவே காட்டும், வேலை செய்யாது. காலியாக ஓட்டுவதும், வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலில் காற்றோட்டம் இல்லாமல் சுவரோடு ஒட்டி வைப்பதும் அதைக் கொல்லும். பின்னாலும் பக்கவாட்டிலும் 10 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

மூடி திறந்திருக்கும்போதே உள்பக்கச் சுவரில் அட்டை போல இருக்கும் மைக்கா ஷீட்டையும் பாருங்கள். பிரியாணியோடு எண்ணெய்க் கத்திரிக்காயை மூடாமல் சூடாக்கும் வீடுகளில் அதில் எண்ணெய் தெறித்துக் கருகும். அந்தக் கரும்புள்ளியில்தான் பொறி பறக்கும். அளவுக்கு வெட்டி மாற்றிக்கொள்ளலாம், செலவு அதிகமில்லை.

டயோடோ கண்டன்சரோ என்றால் தயங்காமல் சரிசெய்யுங்கள். மேக்னட்ரான் உண்மையாகவே போயிருந்தால், 6 வருட அவனுக்கு அதை மாற்றுவதைவிடப் புதியது வாங்குவதுதான் சரி. மெக்கானிக் சொன்னது அப்போது நியாயமாகிவிடும். டிரான்ஸ்பார்மர் கருகியிருந்தாலும் அதே பதில்தான்.

வேலை முடிந்ததும் மெக்கானிக் கிளம்புமுன் 200 மில்லி தண்ணீரைப் பீங்கான் கப்பில் ஊற்றி, உள்ளே ஒரு மரக்கரண்டி போட்டு, முழு பவரில் வையுங்கள். 700 வாட் அவனில் ஏறக்குறைய 2 நிமிடத்தில் கொதிக்க வேண்டும். வெதுவெதுப்போடு நின்றால் மூடியைத் திரும்பத் திறக்கச் சொல்லுங்கள்.