கேள்வி–பதில்: போல்கே வளர்த்த படை

கே: சிவப்பு விமானத்தில் பறந்த ரிக்தோஃபன் 80 விமானங்களை வீழ்த்தினார் என்று படித்தேன். அவருக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவர் யார்?
– வாசகர், காரைக்குடி

ப: ஆஸ்வால்ட் போல்கே என்ற ஜெர்மன் விமானி. முதல் உலகப் போரின் விமானச் சண்டை என்றாலே எல்லோரும் ரிக்தோஃபனிடம் போய் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் நெடுநாளைய மனக்குறை உண்டு. அவரைத் தேடிப் பிடித்து வந்தவரும், அடக்கி வைத்துப் பழக்கியவரும் போல்கேதான்.

1916 ஜூனில் ஜெர்மனியின் இன்னொரு பெரிய விமானி இம்மெல்மான் இறந்துபோனார். போல்கேயையும் பறிகொடுத்துவிடக் கூடாது என்று அவரைப் பறக்கவிடாமல் துருக்கி, பால்கன் பகுதி, கிழக்கு முனை என்று சுற்றுப்பயணம் அனுப்பினார்கள். பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் பிரிட்டிஷ் விமானங்களின் கை ஓங்கியதும் திரும்ப அழைத்தார்கள். சண்டை விமானங்கள் மட்டுமே கொண்ட தனிப் படைகள் அப்போதுதான் உருவாகின்றன. அவற்றுக்கு யாஸ்டா என்று பெயர். அதில் யாஸ்டா 2 போல்கேயின் பொறுப்பு. கிழக்கு முனையில் கோவெல் என்ற ஊரில் அவருடைய அண்ணன் ஒரு விமானப் பிரிவுக்குத் தலைவர். அங்கே போயிருந்தபோது இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார். ஒருவர் ரிக்தோஃபன். இன்னொருவர் எர்வின் போமே, 37 வயது. ஆப்பிரிக்காவில் மரம் இறக்கக் கம்பிவடப் பாதை அமைத்த பொறியாளர். அவருக்குத் தலைவராக வந்த போல்கேக்கு வயது 25.

ஆகஸ்ட் கடைசியில் பிரான்ஸின் பெர்டின்கூர் தளத்தில் படை கூடியது. ஆள் இருக்கிறது, விமானம் போதவில்லை. அந்த நாட்களை அவர் பயன்படுத்திய விதம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இளைஞர்களைப் போர்முனைக்குள் விடவில்லை. அணியாகப் பறக்கவும், எதிரி விமானத்தின் எந்தப் பக்கம் குருடு என்று பார்க்கவும் பழக்கினார். தான் மட்டும் தனியாகக் கிளம்பிப் போய்ச் சுட்டுவிட்டுத் திரும்புவார். இறங்கியதும் பையன்கள் முதலில் பார்ப்பது அவருடைய முகவாயை. அதில் வெடிமருந்துப் புகையின் கரி படிந்திருந்தால் இன்று ஒன்று விழுந்தது என்று புரிந்துகொள்வார்கள். செப்டம்பர் 2-ஆம் தேதி அப்படி விழுந்தவர் பிரிட்டிஷ் கேப்டன் வில்சன். உயிரோடு பிடிபட்டார். போல்கே அவரைத் தன் மெஸ்ஸுக்கு (அதிகாரிகளின் உணவு விடுதி) அழைத்துப் போய்க் காபி கொடுத்து, தளத்தையும் சுற்றிக் காட்டி அனுப்பினார்.

கே: அவர் வகுத்த விதிகள் எட்டு என்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது அவற்றில்?
– வாசகி, திருநெல்வேலி

ப: எட்டையும் எழுத இங்கே இடமில்லை. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள். தாக்கத் தொடங்கினால் பாதியில் விடாதே. கிட்டப் போய்ச் சுடு. மேலிருந்து ஒருவன் உன்மேல் பாய்ந்தால் ஓடாதே, அவனை நோக்கித் திரும்பு. எதிரி எல்லைக்குள் போனால் திரும்பும் வழியை மறக்காதே. இவை ஒரு விமானி தன் உயிருக்காகத் தெரிந்துகொள்ள வேண்டியவை. எட்டாவது விதிதான் வேறு ரகம்: நான்கு அல்லது ஆறு பேராகப் போங்கள், சண்டை தனித்தனியாகப் பிரிந்தால் ஒரே எதிரியின் மேல் பலர் விழாதீர்கள். அதுவரை வானில் தனி ஆளின் வீரம்தான் பேசப்பட்டது. எவன் சுட்டாலும் படை சுட்டதாகத்தான் கணக்கு என்று பழக்கியவர் போல்கே. இந்த எட்டாவது விதி கடைசியில் அவர் விஷயத்திலேயே தவறிப்போனது. அதைக் கீழே சொல்கிறேன்.

கே: ஆல்பட்ராஸ் விமானத்தில் அப்படி என்ன விசேஷம்?
– வாசகர், ஓசூர்

ப: விமானப்படையில் இன்ஜின் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. போல்கேயின் படைக்கு வந்த புது ஜெர்மன் சண்டை விமானம் அது. 160 குதிரைத்திறன் மெர்சிடிஸ் இன்ஜின். ஆறு சிலிண்டர், தண்ணீரால் குளிர்வது. அந்தப் பலம் இருந்ததால்தான் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளைச் சுமக்க முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் 500 தோட்டா கொண்ட பட்டை. சுழலும் ப்ரொபெல்லர் இலைகளுக்கு நடுவே குண்டு பாயும்படி இன்ஜினோடு இணைத்த அமைப்பு. எதிரே வந்த பிரிட்டிஷ் டி.எச். 2-வில் இன்ஜின் விமானிக்குப் பின்னால்; முன்னால் ஒரே ஒரு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கி. அதன் வட்டத்தட்டில் முதலில் 47 தோட்டாதான் (பிறகு 97 ஆக்கினார்கள்). தீர்ந்ததும், சண்டைக்கு நடுவிலேயே, கையால் கழற்றி மாட்ட வேண்டும். ஆனால் டி.எச். 2 சட்டென்று திரும்பும். அதனால் சுலபத்தில் சிக்காது.

இந்த ஆல்பட்ராஸ் விமானங்கள் செப்டம்பர் 16-ஆம் தேதி வந்தன. மறுநாளே போல்கே தன் ஆட்களை அழைத்துக்கொண்டு போனார். மார்க்வான் ரயில் நிலையத்தைக் குண்டு வீசித் தாக்க வந்த பிரிட்டிஷ் அணியை மறித்தார்கள். ரிக்தோஃபனின் முதல் வெற்றி அன்றுதான்.

கே: போல்கேயைச் சுட்டு வீழ்த்தியது யார்?
– வாசகர், புதுச்சேரி

ப: யாரும் இல்லை. 1916 அக்டோபர் 28, மாலை நேரம். இரண்டே இரண்டு டி.எச். 2 விமானங்கள், எதிரே ஆறு ஆல்பட்ராஸ். போல்கேயும் போமேயும் ஒரே எதிரியைத் துரத்துகிறார்கள், அவன் பெயர் நைட். எட்டாவது விதி தவறியது இங்கேதான். ரிக்தோஃபன் விரட்டிக்கொண்டிருந்த இன்னொருவன் குறுக்கே பாய்கிறான். மோதலைத் தவிர்க்க விலகிய கணத்தில் போமேயின் சக்கரச் சட்டம் போல்கேயின் இடது மேல் இறக்கையில் உரசியது. தொட்டது அவ்வளவுதான். ஆனால் துணி கிழிந்து பிய்ந்தது. அவர் விமானத்தைச் சமாளித்துக்கொண்டே இறக்கினார், மேகத்துக்குள் போனபின் இறக்கை கழன்றது. தரையில் மோதியது உயிர் பிழைக்கக்கூடிய மோதல்தான் என்பார்கள். தலைக்கவசம் அணியவில்லை. இருக்கை வாரும் சரியாகக் கட்டப்படவில்லை.

இந்தக் கடைசி வரியை என்னால் லேசாகக் கடக்க முடிவதில்லை. எங்கள் காலத்தில் பைலட் உட்கார்ந்ததும் தோள் வாரை நாங்களே ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏணியை எடுப்போம். 40 விமானங்களை வீழ்த்தியவர், பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் ஒழுங்கு கற்றுக்கொடுத்தவர், ஒரு வாருக்காக இறந்திருக்க வேண்டாம்.

போமே நிலைகுலைந்துபோனார். மீண்டும் பறக்கவே மாட்டார் என்றுதான் தோன்றும், ஆனால் பறந்தார். 1917 ஆகஸ்டில் அதே படைக்குத் தலைவராகவே வந்து, நவம்பர் 29-ஆம் தேதி சண்டையில் இறந்தார். நைட்டை 1916 டிசம்பரில் ரிக்தோஃபன் வீழ்த்திவிட்டார்.

பிரிட்டிஷ் விமானம் ஒன்று வந்து போல்கேக்காக மலர்வளையம் போட்டுவிட்டுப் போனது பலருக்கும் தெரியும். இன்னொரு வளையம் ஆஸ்னாப்ரூக் கைதிகள் முகாமிலிருந்து வந்தது. அனுப்பியவர்களில் காபி குடித்த அந்த வில்சனும் ஒருவர்.

கே: காபி, மலர்வளையம் என்று எழுதுவது போரை அழகாக்குவது ஆகாதா?
– வாசகி, மதுரை

ப: ஆகும், அதோடு நிறுத்தினால். செப்டம்பர் 17-இல் ரிக்தோஃபன் வீழ்த்திய விமானத்தில் இருந்தவர்கள் மோரிஸ், வயது 19. ரீஸ், வயது 21. இருவருமே இறந்தார்கள். மோரிஸ் கம்ப்ரேயிலும் ரீஸ் வீயேர்-ப்ளூயிக்கிலும் புதைக்கப்பட்டார்கள். அந்த வெற்றிக்காக ரிக்தோஃபன் பெர்லின் நகைக்கடையில் வெள்ளிக் கோப்பை செய்யச் சொன்னார். போல்கேயின் பக்கமும் அப்படித்தான். அதே நாளில் முதல் வெற்றி கண்ட ரைமான் என்ற இளைஞர் ஆறே நாளில், எதிரி விமானத்தோடு மோதி, போய்விட்டார். போல்கேக்குப் பின் தலைவரான கிர்மையர் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. பின்னாளில் தலைமையேற்ற மாக்ஸ் ஃபான் முல்லர், 1918 ஜனவரியில் எரியும் விமானத்திலிருந்து குதித்தார், பாராசூட் இல்லை. இதையும் சேர்த்துத்தான் காபியைச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்டது நல்லதாயிற்று.

கே: அந்தப் படை பிறகு என்ன ஆயிற்று?
– வாசகர், ஈரோடு

ப: 1916 டிசம்பரில் பேரரசர் ஆணையால் அதற்கு யாஸ்டா போல்கே என்று பெயர் மாறியது. போர் முடியும்போது கார்ல் போலே தலைவர். 1918 நவம்பரில் விமானங்களை ஒப்படைக்கச் சொன்னபோது, ஒவ்வொரு விமானத்திலும் அதன் விமானியின் பெயரையும் வெற்றிக் கணக்கையும் பெயின்டில் எழுதி, பெல்ஜியத்தின் நிவேலில் கொடுத்தார்கள். ஹிட்லர் காலத்தில் ஒரு குண்டுவீச்சுப் படைக்கு இந்தப் பெயரைச் சூட்டினார்கள். இன்று கொலோன் அருகே நோர்வெனிஹ் தளத்தில் யூரோஃபைட்டர் ஓட்டும் படைக்கும் போல்கே பெயர்தான்.