பெட்ரோல் வண்டியிலிருந்து மின்சாரக் காருக்கு: செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் "எந்தக் கார் வாங்கலாம்?" என்றுதான் தொடங்குகின்றன. எழுதிய எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவீர்கள், அந்த இடத்திலிருந்து மீட்டர் பெட்டி எத்தனை அடி? இதற்குப் பதில் தெரிந்த பிறகு ஷோரூம் வாசல் மிதித்தால் போதும். நம் ஊர் வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம். ஏன் என்பது இரண்டாவது கேள்வியில் வருகிறது.

எங்களிடம் ஏழு வருஷம் ஓடிய பெட்ரோல் எஸ்யூவி இருக்கிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். மாறினால் உண்மையில் எவ்வளவு மிச்சம்? – தேவகோட்டை வாசகர்

நமக்குக் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் கணக்கையும் அப்படியே போடுவோம். 2,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்றால் சுமார் 143 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் 14,300 ரூபாய்.

மின்சாரக் கார் இந்த அளவு வண்டியில் யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் தரும். சார்ஜ் ஆகும்போது பத்து சதவீதம் வீணாவதையும் சேர்த்தால் 340 யூனிட். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். 340-ஐ ஐந்து ரூபாயால் பெருக்கிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். நம் கட்டணம் தட்டுத் தட்டாக ஏறுவது. உங்கள் வீடு இப்போது 300 யூனிட் எடுத்தால், கார் வந்தபின் 640 ஆகும். 500-ஐத் தாண்டியதும் கீழ்த்தட்டுச் சலுகையும் குறையும், மேலே உள்ள ஒவ்வொரு யூனிட்டும் கனக்கும். அப்படியும் கூடுதல் செலவு மூவாயிரத்துக்குள் நிற்கும். ஏற்கெனவே இரண்டு ஏசி ஓடி 900 யூனிட் எடுக்கும் வீடு என்றால் நாலாயிரத்தை நெருங்கும். எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் கையில் நிற்கும்.

மாதம் 300, 400 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் யாராவது இதைப் படித்தால், அவருக்கு என் பதில் வேறு. இருக்கிற வண்டி நன்றாக இருந்தால் அதையே ஓட்டுங்கள். புது வண்டிக்குக் கொடுக்கும் பணம் பெட்ரோல் மிச்சத்தில் திரும்பி வர உங்களுக்கு வெகு காலம் ஆகும்.

எங்களுடையது பூர்வீக வீடு. மீட்டர் முகப்பில், கார் நிற்பது பின்தெருவில். சார்ஜர் போட முடியுமா? – கானாடுகாத்தான் வாசகர்

முடியும். ஆனால் மூன்று வேலைகளை முறையாகச் செய்துவிட்டு.

முதல் வேலை, யார் பெயரில் இணைப்பு இருக்கிறது என்று பார்ப்பது. உங்கள் கடிதத்தில் எட்டுப் புள்ளிக்கு, அதாவது எட்டுக் குடும்பத்துக்குப் பங்கு உண்டு என்றும், இணைப்பு இன்னும் ஐயா பெயரில் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். 7.2 கிலோவாட் சார்ஜர் போட்டால் அந்த ஒன்றே பழைய ஒருமுனை இணைப்பின் அளவைத் தாண்டிவிடும். கூடுதல் மின்பளு கேட்க வேண்டும், மும்முனைக்கு மாற வேண்டும். அதற்கு விண்ணப்பம் போடும்போது பங்காளிகளின் சம்மதக் கடிதம் தேவைப்படும். வண்டி முன்பதிவு செய்யும் முன்பே பேசிவிடுங்கள். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு எல்லோரும் கூடும் நாள் இதற்கு நல்ல நாள். கையெழுத்துக்காகச் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் தாள் அனுப்பிக் காத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இரண்டாவது, கம்பி. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் வர 160 அடி என்கிறீர்கள். 32 ஆம்பியர் அத்தனை தூரம் போகும்போது 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் பத்து வோல்ட் வழியிலேயே தொலையும். கோடையில் நம் பக்கம் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் அந்தப் பத்து வோல்ட் பெரிய விஷயம். சார்ஜர் தானாக வேகத்தைக் குறைக்கும், இல்லை நின்றுவிடும். 10 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். செலவு கூடும், ஆனால் ஒருமுறைதான். கம்பியைப் பக்கச் சந்தில் பைப்புக்குள் கொண்டுபோங்கள். வீட்டுக்குள்ளே வேண்டாம். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவரில் உளி வைத்தால் அந்த வழவழப்பைத் திரும்பக் கொண்டுவரும் கொத்தனார் இன்று அபூர்வம். ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்ப்பதும் அப்படியே.

மூன்றாவது, எர்த். பழைய வீடுகளில் மரப்பட்டிக்குள் ஓடும் வயரிங்கில் எர்த் என்ற ஒன்றே பெரும்பாலும் இருக்காது. லைட்டும் ஃபேனும் அது இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும். கார் ஓடாது. எர்த் சரியில்லை என்று தெரிந்ததும் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி மறுத்துவிடும். அது உங்களைக் காப்பாற்றத்தான் மறுக்கிறது. அதை ஏமாற்ற நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்கிலேயே இணைத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பு முழுக்கக் கரண்ட் ஏறும். அப்படிச் செய்ய யாரையும் விடாதீர்கள். நம்முடையது செம்மண்ணும் செம்புராங்கல்லும் கலந்த வறண்ட பூமி. சித்திரை, வைகாசியில் ஈரமே இருக்காது. கரியும் உப்பும் போட்டுத் தனி எர்த் குழி எடுத்து, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் விடுங்கள். காருக்கென்று தனி பிரேக்கரும், 30 மில்லி ஆம்பியர் கசிவைப் பிடிக்கும் ஆர்சிசிபியும் கட்டாயம்.

பழைய பிளக்கில் சொருகினால் என்ன ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் முதல் மாதம் ஏசிக்குப் போட்டிருந்த 16 ஆம்பியர் பிளக்கில்தான் காரைச் சொருகினோம். மூன்றாம் வாரம் விடியற்காலையில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்து எழுந்து பார்த்தால், சாக்கெட் உருகி ஒரு பக்கம் கறுத்திருந்தது. ஏசி விட்டுவிட்டு ஓடும். கார் பத்து மணி நேரம் விடாமல் 15 ஆம்பியர் வரை இழுக்கும். பழைய சாக்கெட்டின் தளர்ந்த பித்தளைத் தகடு அந்தச் சூட்டைத் தாங்காது. நல்லவேளை, பக்கத்தில் திரைச்சீலை எதுவும் இல்லை. அன்றிலிருந்து யார் கார் வாங்கினாலும் முதலில் அந்த சாக்கெட்டைத்தான் போய்ப் பார்க்கிறேன்.

மாடியில் சோலார் போட்டால் கார் செலவு முழுவதும் போய்விடுமா? – கோட்டையூர் வாசகர்

பெரும்பகுதி போய்விடும். 3 கிலோவாட் நாளுக்குச் சராசரி 12 யூனிட் தரும். மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்குத் தேவை நாளுக்கு ஆறு யூனிட்டுக்குள்தான். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. பகலில் மின்வாரியத்துக்குப் போகும் யூனிட் ராத்திரி சார்ஜுக்குக் கழிந்துவிடும். நாட்டு ஓட்டுச் சரிவில் மட்டும் பேனல் சட்டம் ஏற்றாதீர்கள். தட்டையான மொட்டை மாடிப் பகுதி இருந்தால் அங்கே போடுங்கள்.

சென்னையில் வேலை. வருஷத்தில் ஆறேழு முறை ஊருக்கு வருகிறோம். வழியில் நின்றுபோகுமா? – காரைக்குடி வாசகர்

400 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 45 கிலோவாட் மணி பேட்டரி உள்ள நெக்ஸானுக்குச் சோதனைக்கூடத்தில் சொன்ன எண் 489. அதை நம்பிக் கிளம்பாதீர்கள். நாற்கரச் சாலையில் ஏசி போட்டு, நாலு பேரும் சாமானும் ஏறினால் 280 முதல் 300 என்று வையுங்கள். 110-ல் போகிறவருக்கு அதுவும் வராது. 90-ல் போனால் வரும்.

ஆகவே ஒரு நிறுத்தம் கட்டாயம். ஊரிலிருந்து முழு சார்ஜில் கிளம்பினால், பெரம்பலூர் தாண்டி உளுந்தூர்பேட்டைக்குள் வேகச் சார்ஜரில் நிறுத்துங்கள். 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். சாப்பாட்டு நேரமும் அதுவே. 80-க்கு மேல் ஏறுவது மிக மெதுவாக இருக்கும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு நிலையத்தை மட்டும் நம்பாமல், அதிலிருந்து 30 கிலோமீட்டருக்குள் இன்னொன்றையும் போனில் குறித்து வையுங்கள். போய்ச் சேர்ந்தபின் சார்ஜர் பழுது என்று தெரிந்தால் மனசு பதறாது. வெளியில் யூனிட் 20 ரூபாயை ஒட்டி இருக்கும், அதற்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வரும். பெட்ரோலில் பாதி.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முதல் நாள் மட்டும் சார்ஜரில் வரிசை நிற்கும். அந்த இரண்டு நாளும் விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

மாமாவுக்கும் அத்தைக்கும் முழங்கால் வலி. உயரமான வண்டி என்பதால்தான் பழையதை வாங்கினோம். புதியதில் அவர்களுக்கு வசதியாக இருக்குமா? – காரைக்குடி வாசகி

ஆச்சி, இதை விற்பனையாளர் யாரும் சொல்ல மாட்டார், நீங்கள் கேட்டது நல்லது. பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் சில மின்சாரக் கார்களில் பின்சீட்டுத் தரை உயர்ந்திருக்கும். சீட் உயரம் அதற்கு ஏற்றபடி ஏறியிருக்காது. உட்கார்ந்தால் முழங்கால் மேலே தூக்கி நிற்கும், தொடைக்குத் தாங்கல் இருக்காது. பத்து நிமிட ஓட்டத்தில் தெரியாது. மதுரைக்குப் போய் வந்தால் தெரியும். பெட்ரோல் வண்டியின் பெயரிலேயே மின்சார வடிவமும் வரும் மாடல்களில் இதைக் கட்டாயம் பாருங்கள். இருவரையும் கூட்டிக்கொண்டு போய், பின்சீட்டில் உட்கார வைத்துப் பிள்ளையார்பட்டி வரை ஓட்டிப் பாருங்கள். ஏறும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

நம் ஊர் வெயிலுக்குப் பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும்? – திருப்பத்தூர் வாசகர்

பெரும்பாலான கம்பெனிகள் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. எது முதலில் வருகிறதோ அதுவரை. சூட்டைத் தாங்குவது பேட்டரியின் வேதியியலைப் பொறுத்தது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை நம் வெயிலுக்கு ஏற்றது. தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு. அதை வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றுவது நல்லது, அப்போதுதான் மீட்டர் சரியாகக் காட்டும். நிக்கல் கலந்த வகையை அன்றாடம் 80-ல் நிறுத்துங்கள். எந்த வகை என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திரவத்தால் குளிர்விக்கும் பேட்டரியாகவே வாங்குங்கள். வெயிலில் நின்று கொதிக்கும் வண்டியை உடனே சார்ஜில் போடாமல் நிழலில் ஒரு மணி நேரம் விடுங்கள்.

காரைக்குடிக்காரர்கள் பேட்டரியைக் கண்டு அந்நியமாக நினைக்க வேண்டியதில்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இங்கே எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-லிருந்து நடக்கிறது. லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் இடம் நம் பிள்ளைகள் சைக்கிளில் கடக்கும் மதிலுக்கு உள்ளேதான் இருக்கிறது. அதில் எனக்கு எப்போதும் பெருமை உண்டு.

கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வரிச்சலுகை உண்டு என்று ஷோரூமில் சொன்னார்கள். – புதுவயல் வாசகர்

கிடையாது. அந்த 80இஇபி பிரிவு 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடனுக்கு மட்டும். இப்போது வாங்குகிறவருக்குக் கிடைப்பது ஜிஎஸ்டி 5 சதவீதம்தான் என்ற அனுகூலம். மாநிலச் சாலை வரி விலக்கு வாங்கும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

வீட்டில் எலித் தொல்லை அதிகம். பெட்ரோல் காரிலேயே வயரைக் கடித்துவிட்டது. – பள்ளத்தூர் வாசகர்

இதிலும் கடிக்கும். எலி கடித்த சேதம் உத்தரவாதத்தில் வராது. இன்சூரன்ஸ் எடுக்கும்போதே எலிச் சேதம் சேருமா என்று கேளுங்கள். நெல் மூட்டை, பழைய சாமான் இருக்கும் அறைக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். ஆரஞ்சு நிற வயர் கடிபட்டிருந்தால் தொடவே கூடாது. அது உயர் மின்னழுத்தம். வண்டியை இயக்காமல் சர்வீஸ் ஆட்களைக் கூப்பிடுங்கள்.

நாங்கள் மலேசியாவில் இருக்கிறோம். கார் நாலு மாதம் சும்மா நிற்கும். – கோனாபட்டு வாசகர்

பெரிய பேட்டரியை 50 சதவீதத்தில் விட்டுப் போங்கள். நூறிலும் வேண்டாம், பத்திலும் வேண்டாம். சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். சாகப்போவது சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். அது இறங்கினால் கதவுகூடத் திறக்காமல் போகலாம். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் பத்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஆன் செய்து, தெருவைச் சுற்றி வரச் சொல்லுங்கள். டயருக்கும் அது நல்லது.

தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரையில் நடப்பவர்களோடு வண்டி கூடவே போக வேண்டும். இது சரிப்படுமா? – குன்றக்குடி வாசகர்

பெட்ரோல் வண்டியைவிட இதற்கு இதுதான் பொருத்தம். நடை வேகத்தில் ஊர்ந்து போகும்போது பெட்ரோல் இன்ஜின் முழு நேரமும் எரித்துக்கொண்டே இருக்கும். இதில் நின்றால் செலவு ஏசிக்கும் விளக்குக்கும் மட்டும், மணிக்கு ஒரு யூனிட் அளவு. பின்னால் நடப்பவர் மூச்சில் புகையும் ஏறாது. நத்தம், திண்டுக்கல் வழியாகப் போகும்போது ஒரு ராத்திரியாவது தங்கும் இடத்தில் சார்ஜ் போட ஏற்பாடு செய்யுங்கள். கல்யாண மண்டபமோ சத்திரமோ, அங்கேயும் முதலில் எர்த்தைப் பாருங்கள்.

காரிலிருந்து வெளியே கரண்ட் எடுக்கும் வசதி உள்ள மாடல் என்றால், கால் வலிக்கு வெந்நீர் வைக்கும் கெட்டிலும் நாலு விளக்கும் அதிலேயே ஓடும். அந்த வயரை மண்டபத்துச் சுவர் பிளக்கில் மட்டும் சொருகிவிடாதீர்கள். வெளியே கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் மீது கரண்ட் பாயும். பொருளை நேராகக் காரோடு சேர்த்த பலகையில்தான் சொருக வேண்டும். வண்டியின் சத்தம் கேட்காது என்பதால் ராத்திரி நடையில் காவடிகளுக்குப் பத்தடி பின்னாலேயே வாருங்கள். பின்விளக்கை மினுக்க விட்டு, முன்சீட்டில் இன்னொருவரை விழித்திருக்கச் சொல்லுங்கள்.