ரேங்க் உள்ள பழைய கல்லூரியா, ரேங்க் இல்லாத பளபள வளாகமா?

கேள்வி: என் மகளுக்குப் பொறியியல் கட் ஆஃப் 168. இசிஇ (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) படிக்க ஆசை. இரண்டு தனியார் கல்லூரிகளை நேரில் பார்த்தோம். ஒன்று மத்திய அரசு வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில் 201–300 பட்டியலில் இருக்கிறது, கட்டடங்கள் பழசு. இன்னொன்று பட்டியலிலேயே இல்லை, வளாகம் அசத்துகிறது. மகள் இரண்டாவதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வளாகத்தின் அழகெல்லாம் ஒரு விஷயமா?

பதில்: விஷயம்தான். நான்கு வருடம் அங்கே இருக்கப்போவது அவள். ஆனால் அவளை மயக்கியது முகப்பா, உள்ளே இருக்கும் வசதியா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதே கண்டிப்போடு நீங்கள் நம்பும் ரேங்கையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

என்ஐஆர்எஃப்பின் பொறியியல் பட்டியலில் கற்பித்தலுக்கும் அதற்கான வளங்களுக்கும் 30 மதிப்பெண், ஆராய்ச்சிக்கு 30, படித்து முடித்தவர்களின் நிலைக்கு 20, பலதரப்பட்ட மாணவர்களையும் சேர்ப்பதற்கு 10, கல்வி, தொழில் வட்டாரங்களில் உள்ள பெயருக்கு 10. வளாக அழகுக்கு என்று தனியாக எதுவும் இல்லை. கல்லூரி காட்டும் மூலதனச் செலவில்கூட நூலகம், ஆய்வகக் கருவிகள் போன்றவைதான் சேரும். நிலம், கட்டடச் செலவைச் சேர்க்கக் கூடாது. கட்டடத்தைப் பார்த்து நேரடியாகக் கிடைப்பது மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம், லிஃப்ட், கழிப்பறைக்கான மதிப்பெண்தான். அதுவும் நூற்றுக்கு 2.

இதை வைத்து மகளை மடக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஆராய்ச்சிக்கு 30 கொடுக்கும் அதே பட்டியல், வேலைக்கும் மேற்படிப்புக்கும் போனவர்களின் எண்ணிக்கைக்குக் கொடுப்பது 8. கட்டுரைகளை நிறைய வெளியிடும் கல்லூரி மேலே ஏறும். பாடம் நன்றாக நடத்தும் சின்னக் கல்லூரி பட்டியலுக்கு வெளியே நிற்கும். விண்ணப்பித்த கல்லூரிகளை மட்டுமே மதிப்பிடுவார்கள் என்பதால், பெயர் இல்லை என்றாலே மட்டம் என்று ஆகாது. போதாததற்கு, அந்த ரேங்க் கல்லூரி முழுமைக்குமானது. இசிஇ துறையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ரேங்கைவிட உபயோகமானது, அதற்காகக் கல்லூரி கொடுத்த தகவல் படிவம். என்ஐஆர்எஃப் தளத்திலோ கல்லூரியின் தளத்திலோ பிடிஎஃப்பாகக் கிடைக்கும். நான்கு வருட இளநிலைப் படிப்புக்கான அட்டவணையில் சேர்ந்தவர்கள், இரண்டாம் ஆண்டில் டிப்ளமோ முடித்து வந்தவர்கள், உரிய காலத்தில் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், இடைநிலைச் சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர்கள் என்று வரிசையாக இருக்கும். உதாரணமாக, 400 பேர் சேர்ந்து, 40 பேர் டிப்ளமோ முடித்து வந்து, 310 பேர் உரிய காலத்தில் முடித்து, 180 பேர் வேலை பெற்றிருந்தால் 440க்கு 180. அதாவது 41 சதவீதம். அதே கல்லூரி பேனரில் "95% பிளேஸ்மென்ட்" என்று போட முடியும். அரியர் இல்லாதவர்கள், பதிவு செய்துகொண்டவர்கள் என்று வடிகட்டி, மிஞ்சியவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும். பேனரில் பெரிய எழுத்தில் இருக்கும் அதிகபட்சச் சம்பளம் ஒருவருடையது. இடைநிலைச் சம்பளம் என்பது வேலை பெற்றவர்களில் நடுவில் நிற்பவருடையது. உங்கள் மகளுக்குப் பொருந்துவது இடைநிலைச் சம்பளம்தான்.

இரண்டாவது கல்லூரிக்கு இந்தப் படிவம் இல்லையென்றால், இதே எண்களை இசிஇ துறைக்கு மட்டும் மூன்று வருடத்துக்குக் கேளுங்கள். மழுப்பினால் அதுவே பதில். துறைக்கு என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் நடப்பில் உள்ளதா என்றும் பாருங்கள். நாக் (தேசிய மதிப்பீட்டு, அங்கீகாரக் குழு) தரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கொடுப்பது, என்பிஏ ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகக் கொடுப்பது. அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதத்தை இரண்டு கல்லூரிக்கும் ஒப்பிடலாம். ஒன்று தன்னாட்சிக் கல்லூரி என்றால் ஒப்பிட முடியாது. வினாத்தாளும் திருத்துவதும் அவர்களுடையது.

இனி வளாகம். அட்மிஷன் காலத்து அலங்காரத்தை நம்பாமல், வகுப்பு நடக்கும் நாளில் மகளோடு மறுபடி போங்கள். வரவேற்பறையையும் ஏசி அரங்கையும் தாண்டி, மூன்றாம் மாடி கழிப்பறையில் மதியம் இரண்டு மணிக்குத் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று அவளே பார்க்கட்டும். பல மாணவிகள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குகிறார்களா என்பதும் அங்கே தெரிந்துவிடும். மின்னணு ஆய்வகத்தில் ஒரு அலைக்காட்டிக்கு (ஆசிலோஸ்கோப்) எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஐந்தாறு பேர் என்றால் இருவர் செய்வார்கள், மற்றவர்கள் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவார்கள். மேசையில் கருவி இருந்து, அதைச் சுற்றோடு இணைக்கும் புரோப் இல்லாவிட்டால் அதுவும் காட்சிப்பொருள்தான். விடுதி என்றால் அறைக்கு எத்தனை பேர், மாலையில் எத்தனை மணிக்குக் கதவை மூடுகிறார்கள், நூலகம் அதற்குப் பிறகும் திறந்திருக்குமா என்று கேளுங்கள். கல்லூரிப் பேருந்து என்றால் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அதில் போகும் என்று கணக்குப் போடுங்கள். மரநிழலும் உட்காரும் திண்ணையும் அற்பமில்லை. கண்ணாடி முகப்பு வெயிலுக்கு உதவாது.

எண்களில் ஒரு கல்லூரி தெளிவாகப் பின்தங்கினால், கட்டடத்தைக் காட்டி அதைச் சரிக்கட்ட முடியாது. இரண்டும் கிட்டத்தட்ட சமம் என்றால் மகள் கேட்பதையே விருப்பப் பட்டியலில் முதலில் போடுங்கள். கலந்தாய்வில் ஒதுக்கீடு அந்த வரிசைப்படிதான் நடக்கும்; கீழே போட்டுவிட்டு மேலே உள்ளது கிடைத்த பிறகு வருந்திப் பயனில்லை.