மலையில் ஒன்பது நாள்: உங்கள் நாயின் பாதம் தாங்குமா?

கேள்வி: என்னிடம் இரண்டு நாய்கள். பெரியதற்கு நான்கு வயது, எடை 25 கிலோ, தினமும் 6 கி.மீ. நடக்கும். சின்னதற்கு ஒன்பது மாதம், பெரிய இனம். நானும் நண்பரும் கூடாரம் சுமந்துகொண்டு 7 நாளில் 110 கி.மீ. மலைப்பாதை நடக்கப் போகிறோம். பாதி தூரம் பாறையும் சரளையும், நடுவில் இரண்டு கணவாய்கள். இரண்டையும் அழைத்துப் போகலாமா? தங்கள் தீனியை அவையே சுமக்குமா? பூட்ஸ் அவசியமா?

பதில்: சின்னதை வீட்டில் விட்டுவிடுங்கள். பெரிய இனங்களில் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீளும் முனைப் பகுதிகள்) மூட 12 முதல் 18 மாதம் ஆகலாம். அதற்கு முன் நாள்கணக்கில் பாறை இறங்கினால் மூட்டு கெடலாம். அந்தக் கேடு இப்போது தெரியாது, வயதான பிறகு நொண்டும்போதுதான் தெரியும்.

பெரியதை அழைத்துப் போகலாம். ஆனால் 7 நாளை 9 நாளாக்குங்கள், முதல் இரண்டு நாள் 10 கி.மீ.க்கு மேல் வேண்டாம். பாதை நெடுக நாய்க்கு அனுமதி உண்டா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். பல பாதுகாக்கப்பட்ட காடுகளில் கிடையாது.

நாயின் மூச்சும் தசையும் உங்களுடையதைவிடத் தாங்கும். முதலில் தோற்பது பாதத் திண்டுதான், அதாவது பாதத்தின் அடியிலுள்ள தடித்த தோல். நிற்கும்போதே உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்னங்கால்களில் இருக்கிறது, இறக்கத்தில் இன்னும் கூடும். அதனால் முன்பாதம்தான் முதலில் தேயும். வலித்தாலும் நாய் நிற்காது, நீங்கள் நடக்கும்வரை பின்னால் வரும். அது நொண்டத் தொடங்கும்போது காயம் பல மணி நேரம் பழையதாகியிருக்கும். எனவே மணிக்கு ஒருமுறை நான்கு பாதத்தையும் கையில் எடுத்து, விரலிடுக்கை விரித்துப் பாருங்கள். சொரசொரப்பாக இருக்கவேண்டிய திண்டு வழவழவென்று மினுங்கினால் தேயத் தொடங்கிவிட்டது. இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அன்றைய நடை முடிந்தது. ஓய்வில் ஒரே பாதத்தை விடாமல் நக்குவதும் அடையாளம்தான்.

திண்டு உரிந்துவிட்டால் சுத்தமான நீரை நிறைய ஊற்றிக் கழுவி, மண்துகளை ட்வீசரால் எடுங்கள். பாதி ஒட்டியிருக்கும் தோலைப் பிய்க்காதீர்கள், அதுவே நல்ல மூடி. ஒட்டாத காஸ் துணியை வைத்து, விரலிடுக்கில் மெல்லிய பஞ்சு செருகி, தன்னோடு தானே ஒட்டும் பேண்டேஜால் சுற்றுங்கள். அந்தப் பேண்டேஜை ரோலிலிருந்து முதலில் தளர்த்திக்கொள்ள வேண்டும், இழுத்துச் சுற்றினால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். நடு இரண்டு விரல்களின் நுனி வெளியே தெரியட்டும். அந்த விரல்கள் வீங்கி விலகினாலோ சில்லிட்டாலோ உடனே அவிழ்த்துக் கட்டுங்கள். கட்டுக்கு மேல் பூட்ஸ். நனைந்தால் மாற்றியே ஆகவேண்டும்.

பூட்ஸ் அவசியமா என்றால், எடுத்துப் போவது அவசியம், நாள் முழுக்கப் போடுவது தவறு. உள்ளே ஈரம் சேர்ந்து திண்டு ஊறிவிடும். கூரான சரளைச் சரிவு, பனி, சுடும் பாறை ஆகிய இடங்களில் மட்டும் போடுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றுங்கள். அளவெடுக்கும்போது மறு காலைத் தூக்கிப் பிடித்து, முழு எடையும் பதிந்த பாதத்தை அளக்கவேண்டும். முன்பாதம் பின்பாதத்தைவிட அகலம் என்பதால் இரண்டு அளவு வேண்டியிருக்கும். நான்கு போதாது, ஆறாக வாங்குங்கள். ஆற்றிலோ சேற்றிலோ ஒன்றாவது போகும்.

சுமைக்கு வருவோம். 25 கிலோ நாய்க்குச் சாதாரண நாளில் சுமார் 1,250 கலோரி போதும். மலை நடையில் 2,000 முதல் 2,400 வரை கொடுங்கள். 100 கிராமுக்கு 400 கலோரி தரும் உலர் தீனியில் அது 500 முதல் 600 கிராம். 9 நாளுக்கு ஏறத்தாழ 5 கிலோ. பழக்கமில்லாத நாய் தன் எடையில் பத்தில் ஒரு பங்குதான் சுமக்கலாம். பை எடையையும் சேர்த்து 2.5 கிலோ என்றால், தீனியில் 1.8 கிலோ அளவு அதற்கு, மீதி 3.2 கிலோ உங்கள் இருவரின் முதுகில். இடம் வலம் எடை சமமாக இருக்கட்டும். 100 கிராம் வித்தியாசத்துக்கே பை சரிந்து அக்குளை உராய்ந்துவிடும். தீனியின் வகையை மாற்றுவதானால் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், இல்லையென்றால் வழியில் பேதியாகும். பெரிய வேளையை முகாமில், இளைப்பு அடங்கிய பிறகு வையுங்கள். வயிறு முட்ட உண்டு ஓடினால், ஆழமான மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. மலையில் அதற்கு வைத்தியம் இல்லை.

நாளொன்றுக்கு 3 லிட்டர் தண்ணீர் கணக்கு வையுங்கள். பச்சையாய் ஆடை படிந்த குட்டையில் வாய் வைக்கவே விடாதீர்கள். சில நீலப்பச்சைப் பாசிகள் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும்.

வெயில்தான் பாதத்துக்கு அடுத்த எதிரி. நாய்க்கு வியர்வை பெரும்பாலும் பாதத்தில் மட்டும், நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றவேண்டும். புறங்கையைப் பாறையில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாய்க்கும் அது சுடும். நாக்கு அகன்று தொங்குவது, எச்சில் நூலாக இழுப்பது, ஈறு செங்கல் நிறமாவது, தள்ளாடுவது எல்லாம் சூட்டு மயக்கத்தின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டால் போர்த்தி வைக்காதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைக்கும். தெர்மாமீட்டரில் 39.4 டிகிரி செல்சியஸ் வந்ததும் நிறுத்திவிடுங்கள், மேலும் குளிர்வித்தால் உடல் சூடு அளவுக்கு மீறி இறங்கும்.

ஆறு கடக்கும்போது நாயின் பையைக் கழற்றிவிடுங்கள். நீர் நிரம்பிய பை அதை மூழ்கடிக்கும். கன்றோடு மேயும் மாட்டு மந்தையைத் தொலைவாகச் சுற்றிப் போங்கள். மாடு பாய்ந்தால் லீஷை விட்டுவிடுங்கள், நாய் ஓடித் தப்பும். உங்கள் மருந்துப் பையிலுள்ள ஐபுபுரூஃபன், பாராசிட்டமால் இரண்டும் நாய்க்கு விஷம். நொறுக்குத் தீனிப் பொட்டலத்திலுள்ள உலர் திராட்சையும் சாக்லேட்டும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சூயிங்கமும் அப்படியே.

பயிற்சிக்கு பத்து வாரம் ஒதுக்குங்கள். வாரத்துக்குப் பத்து சதவீதம் தூரம் கூட்டி, கரடுமுரடான தரையிலேயே நடத்துங்கள். புல்தரையில் எத்தனை கி.மீ. நடந்தாலும் திண்டு இறுகாது. முதல் இரண்டு வாரம் வெறும் பை, பிறகு கால் பங்கு சுமை. கடைசி மூன்று வாரங்களில் அடுத்தடுத்து இரண்டு நாள் நடந்து பாருங்கள். இரண்டாம் நாள் காலை விறைப்பு பத்து நிமிடத்தில் விலகவேண்டும். விலகாவிட்டால் அந்த வாரம் தூரத்தைக் கூட்டாதீர்கள்.

நாயைத் தோளில் தூக்கும் மீட்புத் தொட்டில் ஒன்றையும் வாங்குங்கள். அதில் நாயைப் போட்டு, ஊருக்குள் இருக்கும் ஏதாவது ஏற்றத்தில் நீங்களும் நண்பரும் மாற்றி மாற்றி ஒரு கி.மீ. சுமந்து பாருங்கள். முடியவில்லையென்றால் இரண்டாவது கணவாயைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.