மொபைல் விளம்பரத்தில் கிளிக் குவிகிறது, விற்பனை கணினியில் நடக்கிறது. மொபைல் பட்ஜெட்டைக் குறைத்துவிடலாமா?

இப்போதைக்குக் குறைக்காதீர்கள். டேப்லெட்டில் கிளிக் சதவீதம் (விளம்பரம் தெரிந்த நூறு தடவைக்கு எத்தனை கிளிக்) எகிறுகிறது, ஐபோனில் நடக்கும் விற்பனை ஆண்ட்ராய்டைவிடக் கம்மி, கணினியில் மட்டும் நன்றாக விற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விளம்பர ரிப்போர்ட் பார்ப்பதுதான் என் பிழைப்பு. உங்கள் மூன்று எண்களுக்கும் காரணம் தனித்தனி.

டேப்லெட்டில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ஒரு வீட்டுக் கடன் விளம்பரம். கிளிக் சதவீதத்தைப் பார்த்ததும் சந்தோஷமாகி, டேப்லெட்டுக்கு இன்னும் கொஞ்சம் பட்ஜெட் ஏற்றச் சொன்னேன். ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. அப்புறம்தான் எந்தெந்த ஆப்களில் விளம்பரம் ஓடியது என்ற பட்டியலைத் திறந்தேன். பாதிக்கு மேல் குழந்தைகள் வண்ணம் தீட்டும் ஆப் ஒன்றிலிருந்து வந்த கிளிக். அதை இறக்கிப் பார்த்தேன். திரையின் அடியில் வண்ணப் பெட்டி, அதை ஒட்டியே எங்கள் பேனர். சிவப்பை எடுக்கப் போகிற விரல் நேராக எங்கள் மேல்தான் விழும். நாலு வயசுப் பிள்ளைக்கு எதற்கு வீட்டுக் கடன்!

அதிலிருந்து கிளிக் சதவீதத்தை நான் நம்புவதே இல்லை. கிளிக் செய்தவர்களில் எத்தனை பேருக்குப் பக்கம் முழுதாகத் திறந்தது, எத்தனை பேர் உடனே திரும்பிப் போனார்கள் என்றுதான் பார்ப்பேன். தவறி விழுந்த விரல் அங்கே மாட்டிக்கொள்ளும்.

ஐபோன் விஷயத்தில் தராசே வேறு. 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 (ஐபோனின் இயங்குதளம்) முதல், மற்ற ஆப்களிலும் தளங்களிலும் ஒருவரைப் பின்தொடர வேண்டுமானால் ஆப் அவரிடம் அனுமதி கேட்டாக வேண்டும். வேண்டாம் என்றுவிட்டால் அந்த போனின் விளம்பர அடையாள எண், அதாவது விளம்பரக்காரர்கள் ஒரு போனை அடையாளம் காணும் எண், கிடைக்காது. சஃபாரி பிரவுசரும் 2020 மார்ச்சிலிருந்து மூன்றாம் தரப்புக் குக்கீகளை, அதாவது நாம் பார்க்கும் தளம் அல்லாத வேறொருவர் பிரவுசரில் போட்டுவைக்கும் அடையாளக் குறிப்புகளை, முழுதாகத் தடுக்கிறது. ஆண்ட்ராய்டிலோ, பயனர் தானாகப் போய் அழிக்காதவரை விளம்பர எண் இருக்கும். ஆகவே ஐபோன்காரர் வாங்கியிருப்பார், எந்த விளம்பரத்தைப் பார்த்து வாங்கினார் என்பதுதான் உங்கள் ரிப்போர்ட்டுக்குத் தெரியாமல் போயிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

கணினி விற்பனையும் அப்படித்தான். ராத்திரி படுக்கையில் போனில் விளம்பரத்தைப் பார்க்கிறவர், மறுநாள் கணினியில் பெயரைத் தேடி வந்து வாங்குகிறார். இரண்டு இடத்திலும் ஒரே கணக்கில் லாகின் செய்திருந்தால் ஒழிய, ரிப்போர்ட்டுக்கு அவர் இரண்டு ஆள். புகழ் முழுக்கக் கணினிக்கு. இதில் நம் பக்கத்துக் கோளாறும் உண்டு. உங்கள் ஆர்டர் படிவத்தை ஒரு சின்ன போனில் நீங்களே நிரப்பிப் பாருங்கள். நான் பார்த்த ஒன்றில், போன் எண்ணைத் தட்டச் சொன்னதும் கீபோர்டு மேலே வந்து ‘அனுப்பு’ பட்டனை மறைத்துவிட்டது. அதை உருவாக்கியவர் பெரிய மானிட்டரில் மட்டும் சோதித்திருக்கிறார் போல.

இரண்டு விளம்பரங்களை ஒப்பிடும்போது, நூறு கிளிக்கில் எத்தனை விற்பனை என்ற மொத்தச் சதவீதத்தையும் நம்பாதீர்கள். உதாரணத்துக்கு, முதல் விளம்பரத்துக்கு போனில் 9,000 கிளிக், 90 விற்பனை. கணினியில் 1,000 கிளிக், 50 விற்பனை. இரண்டாவதற்கு போனில் 1,000 கிளிக், 8 விற்பனை. கணினியில் 9,000 கிளிக், 360 விற்பனை. மொத்தமாகப் பார்த்தால் இரண்டாவது 3.68 சதவீதம், முதலாவது வெறும் 1.4. ஆனால் போனில் 1-க்கு 0.8, கணினியில் 5-க்கு 4 என்று இரண்டிலுமே ஜெயித்தது முதல் விளம்பரம்தான்! எந்தக் கருவியில் அதிகம் ஓடியது என்பதே முடிவைத் தலைகீழாக்கிவிடுகிறது. வயது, புதியவர், பழைய வாடிக்கையாளர் என்று பிரித்தாலும் இதே வம்பு வரும்.

சரி, என்ன செய்வது? விற்பனை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் ஊர்களை இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். ஒரு கூட்டத்தில் மட்டும் மொபைல் விளம்பரத்தைச் சில வாரம் நிறுத்துங்கள். கருவி வாரியாகப் பார்க்காமல், கணினி உட்பட மொத்த விற்பனையை இரண்டு கூட்டத்திலும் ஒப்பிடுங்கள். நான் ஒருமுறை இப்படி நிறுத்தியபோது, மூன்றாவது வாரத்தில் இறங்கியது கணினி விற்பனை. வாரத்துக்கு நாலைந்து ஆர்டர்தான் வருகிறது என்றால் இந்தச் சோதனை உங்களுக்கு உதவாது, எண்கள் தற்செயலாகவே அவ்வளவு ஆடும். எதுவானாலும் முதலில் அந்த ஆர்டர் படிவத்தைச் சரிபாருங்கள்.