மாரிக்குக் கமராவைக் கழற்றும்போது

கேள்வி: தோட்டத்துக்கு இரவில் வரும் மரநாயைப் பார்க்க மரத்தில் தானியங்கிக் கமரா கட்டியிருந்தேன். மாரி முடியும்வரை கழற்றி வைக்கப் போகிறேன். எப்படிப் பத்திரப்படுத்துவது?
வாசகர், வடமராட்சி

பதில்: நல்லது, கழற்றிவிடுங்கள். முதல் வேலை பற்றரிகளை எடுப்பதுதான், இதை மறக்கவே கூடாது, ஏனென்றால் அல்கலைன் பற்றரி மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் கசிந்து, அந்தக் காரம் உலோக முனைகளை அரித்துவிடும். ஏற்கெனவே வெள்ளையாகப் பூத்திருந்தால் பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் வினாகிரி தொட்டுத் துடைத்து, காயவிடுங்கள். படங்களைக் கணினிக்கு மாற்றிவிட்டு மெமரி கார்டையும் எடுத்து வையுங்கள்.

கடற்கரைப் பக்கமென்றால் வெளியே உப்புப் படிந்திருக்கும். நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் துடையுங்கள், லென்ஸுக்கு மட்டும் உலர்ந்த மென்துணி. மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் மண்ணோ எறும்போ ஒட்டியிருந்தால் தண்ணீர் உள்ளே போக அதுவே போதும், ஆகவே அதை ஆறுதலாகச் சுத்தம் செய்யுங்கள், தேங்காயெண்ணெய் மட்டும் பூசாதீர்கள். அப்புறம் மூடியைத் திறந்து நிழலில் காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக்கமான டப்பாவில் போடுங்கள். தை பிறந்து திரும்பக் கட்டும்போது திகதியையும் நேரத்தையும் சரிபாருங்கள், பற்றரி இல்லாமல் கிடந்ததில் அவை மாறியிருக்கலாம்.